மைக்ரோலிட்டர் ஓட்டத்தைச் சூட்டால் அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டரைக்கூடத் தொடாத ஓட்டங்களை வெப்ப சென்சார் வைத்து அளப்பதுதான் என் அன்றாட வேலை. புதிதாக இந்தப் பக்கம் வருகிற மாணவர்களும் கருவி செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "சென்சார் தப்பாகக் காட்டுகிறது" என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோரின் சென்சார் சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. தப்பு டியூபில் இருந்தது.

மிகச் சிறிய ஓட்டம் என்றால் எவ்வளவு சிறியது?

ஆஸ்பத்திரியில் யாருக்காவது ட்ரிப்ஸ் ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொட்டு எண்ணியிருப்பீர்கள். பெரியவர்களுக்குப் போடும் சாதாரண செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். அதாவது ஒரு சொட்டு 50 மைக்ரோலிட்டர். நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் வரும் குழாயின் முனையில் அப்படி ஒரு சொட்டு திரண்டு விழ 50 நிமிடம் ஆகும். அதற்குள் அதில் கணிசமான பங்கு காற்றோடு போயிருக்கும். சொட்டு எண்ணுகிற கதை இங்கே நடக்காது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சிரிஞ்ச் பம்பு மணிக்கு 1 மில்லிலிட்டர் என்று ஓடினால் அது நிமிடத்துக்குச் சுமார் 17 மைக்ரோலிட்டர். இன்சுலின் பம்பு இன்னும் கீழே. வழக்கமான இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் இருப்பதால் ஒரு யூனிட் 10 மைக்ரோலிட்டர், மணிக்கு 0.6 யூனிட் என்று போனால் சராசரியாக நிமிடத்துக்கு 0.1 மைக்ரோலிட்டர், அதாவது 100 நானோலிட்டர். புரதங்களைப் பிரித்து நிறை நிறமாலைமானிக்கு (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) அனுப்பும் நானோ குரோமடோகிராஃபியில் 200, 300 நானோலிட்டர்தான் வழக்கம். இந்தப் பக்கத்தில் நான் பேசுவது ஏறக்குறைய 50 நானோலிட்டரிலிருந்து 1 மில்லிலிட்டர் வரை, எல்லாம் நிமிடக் கணக்கில்.

இதற்கு ஏன் வெப்பம்? சக்கரம் சுற்றும் மீட்டர் ஒன்றைச் சின்னதாகச் செய்தால் ஆகாதா?

உள்விட்டம் 0.1 மி.மீ. உள்ள குழாயில் நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் தண்ணீர் போனால் அதன் சராசரி வேகம் நொடிக்கு 2 மி.மீ. சுவரோரம் போகிற எறும்பு இதைவிட விரைவாகப் போகும். அந்த வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்ற முடியாது. சக்கரத்தின் உராய்வே ஓட்டத்தை விழுங்கிவிடும். ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் உந்தம் திரவத்தின் பாகுநிலையை எத்தனை மடங்கு மிஞ்சுகிறது என்று சொல்லும் எண்) 0.2 அளவில்தான் இருக்கும். அதனால் சுழல், கொந்தளிப்பு எதுவும் கிடையாது. அவற்றை எண்ணி அளக்கும் மீட்டர்களுக்கும் இங்கே வேலை இல்லை.

வெப்பத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அசையும் பாகமே வேண்டாம். அதோடு இந்த அளவில் ஒரு நல்வாய்ப்பும் உண்டு. தண்ணீரில் வெப்பம் தானாகப் பரவும் வேகமும், அந்தத் தண்ணீர் நகரும் வேகமும் ஏறக்குறைய சமமாக வந்து நிற்கின்றன. மேலே சொன்ன குழாயில் இரண்டுக்கும் உள்ள விகிதம் சுமார் 1.5. ஓட்டம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வெப்பம் பரவும் விதம் கண்கூடாக மாறிவிடுகிறது. பெரிய குழாய்களில் குறைபாடாகப் பார்க்கப்படுகிற ஒன்று இங்கே அளவுகோலாகிவிட்டது.

சரி, எப்படித்தான் வேலை செய்கிறது?

காற்றே இல்லாத கூடத்தில் ஓர் அகல் விளக்கை ஏற்றி, இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் கையை வைத்துப் பாருங்கள். இரண்டு கைக்கும் ஒரே சூடு. கதவிடுக்கில் மெல்லிய காற்று நுழைந்தால் சுடர் சாயும். ஒரு கைக்குச் சூடு கூடும், மற்றதற்குக் குறையும். அந்த வித்தியாசத்தை வைத்து எந்தப் பக்கம் காற்று, எவ்வளவு காற்று என்று சொல்லிவிடலாம்.

சென்சாருக்குள் நடப்பதும் அதுதான். மெல்லிய கண்ணாடிக் குழாயின் வெளிச்சுவரில் நடுவே ஒரு சின்ன ஹீட்டர். மேலோட்டப் பக்கம் (திரவம் வருகிற பக்கம்) ஒரு வெப்பமானி, கீழோட்டப் பக்கம் (திரவம் போகிற பக்கம்) ஒரு வெப்பமானி, இரண்டும் ஹீட்டரிலிருந்து ஒரே தூரத்தில். திரவம் நின்றால் இரண்டும் ஒரே வெப்பநிலை காட்டும். நகர்ந்தால் மேலோட்டப் பக்கம் ஆறும், கீழோட்டப் பக்கம் சூடேறும். அந்த வித்தியாசம்தான் சிக்னல். திசையும் சேர்ந்தே தெரிந்துவிடும். பின்னோக்கி ஓடினால் எதிர்மறை எண் வரும். மைக்ரோலிட்டர் அளவுக்கு இன்று விற்பனையில் உள்ள சென்சார்களில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஹீட்டரை ஒரே வெப்பநிலையில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது. காற்றை அளக்கும் சூடான கம்பி மீட்டரின் தத்துவம் இது. மிகச் சிறிய ஓட்டத்தில் எடுபடாது, ஏனென்றால் ஹீட்டரின் சூட்டில் பெரும்பகுதி சுவர் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கும். திசையும் தெரியாது. மற்றொன்று, ஒரு நொடிப்பொழுது சூடு கொடுத்து அந்தச் சூடான துளி கீழே உள்ள வெப்பமானியை வந்தடைய எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று எண்ணுவது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் மெதுவான ஓட்டத்தில் அந்தச் சூட்டுத் துளி போய்ச் சேருவதற்குள் பரவிக் கலைந்துவிடும்.

ஹீட்டர் பட்டு என் மாதிரி கெட்டுவிடாதா? உள்ளே செல்கள் இருக்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் தண்ணீரை 5 டிகிரி சூடாக்க 0.35 மில்லிவாட் போதும். பொதுவாகச் சில டிகிரிதான், அதுவும் ஹீட்டரைக் கடக்கும் அந்தக் குறுகிய நேரத்துக்கு மட்டும்தான். பெரும்பாலான வேலைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலும் வினை மாறும் என்கிற நொதி ஆய்வாக இருந்தால், சென்சாரைச் சோதனைப் பகுதிக்குப் பின்னால் வையுங்கள். ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சென்சாரை ஓடவிடுவது மட்டும் வேண்டாம். தேங்கி நிற்கும் திரவம் அதே சூட்டில் கிடக்கும், புரதமாக இருந்தால் சுவரில் படிய ஆரம்பிக்கும்.

தண்ணீருக்கு வாங்கிய சென்சாரில் ஆல்கஹால் விடலாமா?

விடலாம், ஆனால் எண்ணை நம்ப முடியாது. சென்சார் பார்ப்பது திரவத்தை அல்ல, திரவம் தூக்கிச் செல்லும் சூட்டை. ஒரு மில்லிலிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு அதில் பாதிதான். வெப்பக் கடத்துத்திறனும் தண்ணீரில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இப்படி இரண்டும் வேறு வேறு விகிதத்தில் மாறுவதால், "இத்தனையால் பெருக்கிக்கொள்" என்று ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. குறைந்த ஓட்டத்தில் ஒரு பெருக்கெண், கூடிய ஓட்டத்தில் இன்னொன்று.

அதனால்தான் சில தயாரிப்பாளர்கள் தண்ணீருக்கு ஒன்று, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு ஒன்று என்று இரண்டு அளவுத்திருத்தங்களை (சிக்னலை ஓட்டமாக மாற்றும் கணக்கை) சென்சாருக்குள்ளேயே ஏற்றித் தருகிறார்கள். எண்ணெய், ஹைட்ரோகார்பன் வகைகள் பெரும்பாலும் இரண்டாவதற்கு நெருக்கமாக நடந்துகொள்ளும். உப்புக் கரைசல், பஃபர் (அமில-காரத் தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்), நீர்த்த மருந்துகள் எல்லாம் தண்ணீர் ஜாதி, அப்படியே அளக்கலாம். கிளிசரின் கலவை, பாதித் தண்ணீர் பாதி மெத்தனால் என்று நடுவில் நிற்பவற்றுக்கு நீங்களே அளவுத்திருத்தம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஓடும்போதே கலவை விகிதம் மாறிக்கொண்டே போகும் குரோமடோகிராஃபி வேலைக்கு இந்தச் சென்சாரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பம்பை நிறுத்திவிட்டேன். சென்சார் பூஜ்யம் காட்டவில்லையே, பழுதா?

எனக்கு வருகிற கேள்விகளில் இதுதான் முதலிடம். பழுதாக இருக்கலாம், ஆனால் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது அது.

பம்பை நிறுத்துவது வேறு, ஓட்டம் நிற்பது வேறு. புட்டியிலிருந்து அழுத்தம் கொடுத்து ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தத்தை அணைத்துவிட்டீர்கள். ஆனால் புட்டியின் நீர்மட்டம் வெளியேறும் முனையைவிட ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அரை மி.மீ. உள்விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள டியூபில் அந்த ஒரு சென்டிமீட்டர் மட்டுமே நிமிடத்துக்குச் சுமார் 9 மைக்ரோலிட்டர் தண்ணீரை ஓட்டும். மோட்டார் போடாமலே தொட்டியிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் இறங்குகிற அதே சமாச்சாரம். சென்சார் 9 என்று காட்டினால் அது உண்மையைத்தான் சொல்கிறது.

சிரிஞ்ச் பம்பில் உந்துதண்டு வழியை அடைத்துக்கொண்டிருப்பதால் இப்படி ஓடாது. ஆனால் அங்கே தேங்கிய அழுத்தம் இருக்கும். சிலிகோன் டியூப் உப்பியிருக்கும், ரப்பர் முனை நசுங்கியிருக்கும், எங்காவது ஒரு குமிழி சுருங்கி உட்கார்ந்திருக்கும். வளிமண்டலத்தைவிட 0.2 பார் கூடுதல் அழுத்தத்தில் சுருங்கிக் கிடந்த 10 மைக்ரோலிட்டர் குமிழி, அழுத்தம் இறங்கும்போது 12 ஆக விரியும். அந்த 2 மைக்ரோலிட்டர் வெளியே போய்த்தானே ஆக வேண்டும்? நீங்கள் அளப்பது நிமிடத்துக்கு 1 என்றால், பம்பு நின்ற பிறகும் சில நிமிடம் ஓட்டம் மெல்லத் தேய்ந்துகொண்டே இருக்கும்.

உண்மையான பூஜ்யம் பார்க்க, சென்சாரின் இரண்டு பக்கமும் வால்வு வைத்து மூடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மூடினால் மறுபக்கத்து டியூப் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டையும் மூடி ஐந்து நிமிடம் கழித்தும் ஓர் எண் விடாப்பிடியாக நிற்கிறது என்றால், அதுதான் சென்சாரின் சொந்தப் பிழை. அதைக் குறித்துவைத்துக் கழித்துக்கொள்ளலாம்.

ரீடிங் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

ஏற்ற இறக்கத்தின் தாளத்தைப் பாருங்கள். குற்றவாளி யார் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

சில நொடிக்கு ஒருமுறை ஒரே சீராக வந்தால் சிரிஞ்ச் பம்பின் மோட்டார் படி. 10 மில்லிலிட்டர் சிரிஞ்சின் உள்விட்டம் சுமார் 14.5 மி.மீ. மோட்டார் ஒரு படி எடுத்து வைக்கும்போது உந்துதண்டு 5 மைக்ரோமீட்டர் நகர்ந்தால் 0.8 மைக்ரோலிட்டர் வெளியே வரும். நிமிடத்துக்கு 1 வேண்டுமென்றால் 50 நொடிக்கு ஒரு படி. அது ஓட்டமே இல்லை, விக்கல். அதே பம்பில் 4.6 மி.மீ. விட்டமுள்ள ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சைப் போட்டால் படிக்கு 0.08 மைக்ரோலிட்டர்தான், 5 நொடிக்கு ஒன்று. டியூபின் நெகிழ்வே அதைச் சமன் செய்துவிடும். சிரிஞ்சை மாற்றுங்கள், சென்சாரை அல்ல. மலிவான பிளாஸ்டிக் சிரிஞ்சில் ரப்பர் சுவரோடு ஒட்டி ஒட்டி விடுபடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் தாளம் ஒழுங்கில்லாமல் இருக்கும்.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அலைபோல் வந்தால் ஏசியைப் பாருங்கள். இந்தப் பாடத்தைக் கற்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. கண்ணாடி சிரிஞ்ச், புது சென்சார், எல்லாம் சரியாக இருந்தும் 1 மைக்ரோலிட்டர் ஓட்டம் 0.8க்கும் 1.2க்கும் நடுவே ஊஞ்சலாடியது. சென்சாரைத் திட்டினேன், பம்பைக் கழற்றினேன், கடைசியில் இரவில் யாரோ ஏசியை அணைத்துவிட்டுப் போன பிறகு பதிவான கோடு நேராக இருந்ததைப் பார்த்துத்தான் புரிந்தது. 25 டிகிரியில் உள்ள தண்ணீர் ஒரு டிகிரி சூடேறினால் பத்தாயிரத்தில் இரண்டரைப் பங்கு விரியும். 10 மில்லிலிட்டர் கண்ணாடி சிரிஞ்சில் அது 2.5 மைக்ரோலிட்டர். பத்து நிமிடத்தில் ஒரு டிகிரி ஏறினால் நிமிடத்துக்கு 0.25, பம்பு தருகிற 1-உடன் இது கூடியும் கழிந்தும் நிற்கும். (பிளாஸ்டிக் சிரிஞ்சில் குழலும் சேர்ந்து நன்றாக விரிவதால் கணக்கு வேறு மாதிரி வரும், சில சமயம் எதிர்த்திசையில்கூட.) அந்த ஊஞ்சல் முழுவதும் நிஜமான ஓட்டம். அன்றிலிருந்து சிரிஞ்சுக்கு ஒரு தெர்மோகோல் பெட்டி வீடு.

தாளமே இல்லாமல் திடீர் திடீரென்று துள்ளினால் குமிழி, அல்லது வெளிமுனையில் சொட்டு கட்டி விழுவது. சொட்டு வளரும்போது பரப்பு இழுவிசையின் அழுத்தம் மாறும், விழும்போது சட்டென்று விடும். முனையைத் திரவத்துக்குள் மூழ்க வைத்துவிட்டால் போதும்.

குமிழி போனால் சென்சார் என்ன காட்டும்?

ஏதாவது காட்டும். காற்று சூட்டைத் தண்ணீர் மாதிரி தூக்கிச் செல்லாது, அதனால் குமிழி கடக்கும் அந்த நேரத்து எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. சில சென்சார்கள் "காற்று வந்தது" என்று ஒரு கொடி தூக்கிக் காட்டும். அந்த வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஓடவிடும் தண்ணீரை முன்பே வெற்றிடத்தில் வைத்துக் காற்றை எடுத்துவிடுவது நல்லது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பஃபரை அப்படியே விடாதீர்கள்: குளிர்ந்த நீரில் கரைந்திருக்கும் காற்று, அறைச்சூட்டுக்கு வந்ததும் குமிழியாகப் பிரியும்.

சென்சார் சொல்வது சரியா என்று எப்படிச் சரிபார்ப்பது?

எடை போட்டுத்தான். ஐரோப்பிய அளவியல் நிறுவனங்கள் பல சேர்ந்து 2012 முதல் 2015 வரை மருந்து செலுத்தும் கருவிகளின் சிற்றோட்டத்தை அளக்க ஒரு கூட்டுத் திட்டம் நடத்தின. சுவிட்சர்லாந்தின் மெட்டாஸ், நெதர்லாந்தின் விஎஸ்எல், டென்மார்க்கின் டிடிஐ போன்றவை அதில் இருந்தன. அங்கேயும் அடித்தளம் தராசும் கடிகாரமும்தான். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை மில்லிகிராம் சேர்ந்தது என்பதுதான் கணக்கு.

ஒரு மைக்ரோலிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில், நிமிடத்துக்கு 1 என்ற ஓட்டத்தைப் பத்து நிமிடம் பிடித்தால் 10 மில்லிகிராம் சேரும். தராசின் கடைசி இலக்கமே ஒரு சதவீதம். இது எளிது. கஷ்டம் எல்லாம் ஆவியாதலில்.

வாயின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் உள்ள ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நாளுக்கு 3 மி.மீ. வற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் வைத்த டம்ளரில் நடப்பதுதான். அது நாளுக்கு 3 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர். நீங்கள் ஊற்றுவது 1, காற்று குடிப்பது 2. தராசு எடை குறைகிறது என்று சொல்லும்! கூகுளைக் கேட்டால்கூட இதற்குப் பதில் தெரியாது என்று ஒரு மாணவர் புலம்பியது நினைவிருக்கிறது.

செய்ய வேண்டியது: வாய் குறுகிய சின்னப் பாத்திரம் எடுங்கள். மேலே ஒரு மூடி, அதில் டியூப் நுழைய மட்டும் ஒரு துளை. தராசின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓரமாக ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் ஈரப்பதம் கூடி ஆவியாதல் வெகுவாகக் குறையும். தண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் விடுகிறவர்களும் உண்டு. எல்லாம் செய்த பிறகும், பம்பை ஓட்டுவதற்கு முன் இருபது நிமிடமும் ஓட்டிய பின் இருபது நிமிடமும் சும்மா எடையைப் பதிவு செய்யுங்கள். அந்த இரண்டு சரிவுகளின் சராசரிதான் ஆவியாதல் வீதம், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டியூப் முனை தண்ணீருக்குள் இருக்கட்டும், பாத்திரத்தைத் தொடாமல். தொட்டால் டியூபின் விறைப்பும் எடையாகப் பதிவாகும். முனை மேலே தொங்கினால் சொட்டு சொட்டாக எடை துள்ளும். காற்றின் மிதப்பு விசைக்காக 0.1 சதவீதம் திருத்தம் உண்டு. உங்கள் மற்ற பிழைகள் எல்லாம் ஒரு சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு அதைப் பற்றிக் கவலைப்படலாம்.

அவ்வளவு நுட்பமான தராசு எங்களிடம் இல்லை.

ஒரு கண்ணாடி நுண்குழாய், ஒரு ஸ்கேல், ஒரு மொபைல் கேமரா போதும். உள்விட்டம் 0.5 மி.மீ. உள்ள குழாயில் 1 மைக்ரோலிட்டர் சுமார் 5.1 மி.மீ. நீளத்துக்கு நிற்கும். சென்சாரின் வெளிமுனையில் அந்தக் குழாயைக் கிடைமட்டமாக மாட்டி, தண்ணீரின் முகப்பு நகர்வதை வீடியோ எடுங்கள். நிமிடத்துக்கு 5 மி.மீ. நகர்ந்தால் 1 மைக்ரோலிட்டர். குழாயின் உள்விட்டத்தில் 2 சதவீதப் பிழை இருந்தால் ஓட்டத்தில் 4 சதவீதமாகிவிடும். அதனால் விட்டத்தைப் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், பாதரசம் வேண்டாம், தண்ணீரையே நிரப்பி எடை போட்டுக் கண்டுபிடியுங்கள். நான்கைந்து குழாய்களைச் சேர்த்து எடை போட்டால் சாதாரண ஆய்வுக்கூடத் தராசே சமாளிக்கும்.

விவரத் தாளில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

துல்லியம் எதில் சதவீதம் என்பதைப் பாருங்கள். "அளந்த மதிப்பில் 5 சதவீதம்" என்பதும் "முழு அளவில் 0.1 சதவீதம்" என்பதும் வேறு வேறு. பெரும்பாலும் இரண்டையும் எழுதி, "எது பெரிதோ அது" என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். முழு அளவு 1000 மைக்ரோலிட்டர் உள்ள சென்சாரில் 0.1 சதவீதம் என்றால் 1 மைக்ரோலிட்டர். அதில் 5 மைக்ரோலிட்டர் ஓட்டத்தை அளந்தால் பிழை 20 சதவீதம்! வருங்காலத்தில் உதவும் என்று பெரிய அளவை வாங்குகிறவர்கள் விழுகிற குழி இதுதான். பெரிய கல்தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி. வேண்டிய ஓட்டம் முழு அளவில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போகாதபடி தேர்ந்தெடுங்கள்.

அழுத்த இழப்பையும் பாருங்கள். குறைந்த ஓட்டத்துக்கான சென்சாரின் உள்குழாய் மிக மெல்லியது. உங்கள் அமைப்பிலேயே பெரிய தடை அதுவாக ஆகிவிடக்கூடும்.

தயாரிப்பாளர் யார் என்று கேட்பவர்களுக்கு: சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழகத்திலிருந்து 1998-இல் பிரிந்து வந்த சென்சிரியான், சிலிக்கான் சில்லிலேயே ஹீட்டரையும் வெப்பமானிகளையும் மின்சுற்றையும் சேர்த்துச் செய்கிறது. நெதர்லாந்தின் பிராங்க்ஹார்ஸ்ட் வெப்ப முறையிலும் கோரியாலிஸ் முறையிலும் (அதைப் பற்றிக் கீழே) கருவிகள் விற்கிறது. இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

முழு அளவைத் தாண்டி ஓடினால்?

சென்சார் உடையாது, ஆனால் ஏமாற்றும். ஓட்டம் கூடக்கூடச் சிக்னல் முதலில் நேர்கோடாக ஏறும், அப்புறம் வளைந்து சமமாகும், அதற்கும் மேலே போனால் இறங்க ஆரம்பிக்கும். கீழோட்ட வெப்பமானிக்குச் சூடு வந்து சேர்வதற்குள் திரவம் ஓடிவிடுகிறது. ஒரே சிக்னலுக்கு இரண்டு ஓட்டங்கள் பொருந்தும். டியூபை வேகமாகக் கழுவும்போது வரும் எண்களைத் தரவில் சேர்க்காதீர்கள்.

கோரியாலிஸ், அழுத்த வித்தியாசம் என்று வேறு முறைகள் இருக்கிறதே?

என்ன திரவம் என்றே தெரியாது, அல்லது கலவை மாறிக்கொண்டே இருக்கும் என்றால் கோரியாலிஸ்தான். அதிரும் குழாயின் முறுக்கத்தை வைத்து நிறையை நேரடியாக அளப்பதால் வெப்பப் பண்பு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விலை அதிகம், அதிர்வுக்குக் கொஞ்சம் பயப்படும்.

அழுத்த வித்தியாச முறை மலிவு. ஆனால் தடை, விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறும். குழாயின் உள்சுவரில் படிவு சேர்ந்து விட்டம் 10 சதவீதம் குறைந்தால் அதே ஓட்டத்துக்கு அழுத்தம் 50 சதவீதத்துக்கும் மேல் கூடும். பாகுநிலையும் வெப்பநிலையோடு ஒரு டிகிரிக்கு 2 சதவீதம் மாறும். சுத்தமான ஒரே திரவம், நிலையான அறை என்றால் அதையும் தேர்ந்தெடுக்கலாம்.

இந்த முறையை யார் கண்டுபிடித்தது?

ஒருவர் என்று சொல்ல முடியாது. அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் 1910-களின் தொடக்கத்தில் எரிவாயுவைச் சூடாக்கி அளக்கும் மீட்டரைச் செய்தார். சூடான கம்பி காற்றோட்டத்தில் இழக்கும் வெப்பத்துக்கான விதியை எல். வி. கிங் 1914-இல் எழுதினார். 1974-இல் வான் புட்டனும் மிடல்ஹுக்கும் அதைச் சிலிக்கான் சில்லுக்குள் கொண்டுவந்தார்கள். தாவர ஆய்வாளர்களும் விட்டுவைக்கவில்லை: மரத்துக்குள் சாறு ஏறும் வேகத்தைச் சூட்டுத் துடிப்பால் அளக்க ஜெர்மனியின் ஹூபர் 1932-இலேயே முயன்றார், பிரான்சின் கிரானியே 1985-இல் வெளியிட்ட இரண்டு ஊசி முறை இன்றும் காடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மரம் நாளுக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது என்று சொல்லும் எண்களில் பல அந்த ஊசிகளிலிருந்து வந்தவை.

ஆர்டுவினோவில் (நிரல் எழுதி ஓட்டும் சின்ன மின்சுற்றுப் பலகை) இணைக்கலாமா?

தாராளமாக. பெரும்பாலானவை ஐ-ஸ்கொயர்-சி (I²C, இரண்டு கம்பியில் சில்லுகள் தகவல் பரிமாறும் முறை) வழியில் பேசும். கம்பியை 20, 30 சென்டிமீட்டருக்குள் வையுங்கள், இழுப்பு மின்தடைகளை (pull-up) மறக்காதீர்கள், மின்னழுத்தம் 3.3 வோல்ட்டா 5 வோல்ட்டா என்று இரண்டு தடவை பாருங்கள். வருகிற முழு எண்ணைப் பெருக்கெண்ணால் வகுத்தால்தான் ஓட்டம். அது மாடலுக்கு மாடல் வேறு. எதிர்மறை எண் வரும் என்பதை மறந்து குறியில்லாத மாறியில் வாங்கினால், லேசாகப் பின்னோக்கி ஓடும்போது திடீரென்று 65 ஆயிரம் சொச்சம் தெரியும்.

எப்படிச் சுத்தம் செய்வது? எத்தனை நாள் வரும்?

உள்ளே ஒரு படலம் படிந்தால் சூடு அதைத் தாண்டித்தான் போக வேண்டும்; எண் மெல்ல நகரும். சென்சார் "தேய்ந்துவிட்டது" என்று சொல்லப்படுவதில் பாதி இதுதான். வேலை முடிந்ததும் உடனே கழுவுங்கள். உப்பு, சர்க்கரை, பஃபர் எது ஓடியிருந்தாலும் முதலில் சுத்தமான தண்ணீர், பிறகுதான் ஆல்கஹால். வரிசையை மாற்றிப் பஃபரின் மேல் நேராக ஆல்கஹாலை விட்டால் உப்பு அங்கேயே படிகமாகி நுண்குழாயை அடைத்துவிடும். புரதம் ஓடியிருந்தால் முதலில் நொதி சேர்ந்த சலவைக் கரைசல். கடைசியில் வடிகட்டிய உலர்ந்த காற்றை விட்டுக் காயவையுங்கள். பாதி ஈரத்தோடு மேசை இழுப்பறையில் போடாதீர்கள்.

அடைத்தே விட்டால் கம்பியை நுழைத்துக் குத்த வேண்டாம். கண்ணாடிச் சுவர் அவ்வளவு மெல்லியது. வெந்நீரில் ஒரு இரவு ஊறவைத்து, எதிர்த்திசையில் சிரிஞ்சால் மெல்ல அழுத்திப் பாருங்கள். முன்பக்கம் ஒரு வடிகட்டி வைத்திருந்தால் இந்த இரவே தேவைப்பட்டிருக்காது.